விஸ்வேஸ்வரய்யாவின் வேலையை ஹைதராபாதில் ஒரே நாளில் சுற்றிக் காட்டுவது எப்படி

செப்டம்பர் 15, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள், வந்தால் பொறியாளர் தினம். பொறியியல் படிப்பு உள்ள இடமெல்லாம் விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை போடுவார்கள், ஒருவர் பேசுவார், இனிப்பு கொடுப்பார்கள், முடிந்தது. மாலை போடுவதில் தவறில்லை. ஆனால் ஹைதராபாதில் சிவில் டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் எனக்கு அது போதவில்லை. இந்த ஊரை வெள்ளத்திலிருந்து காக்க அவர் வகுத்துக் கொடுத்த திட்டம் மூசி ஆற்றோரமாக, ஒரு பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்துக்குள், கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது. அதைக் காட்டாமல் படத்தை மட்டும் காட்டுவது எப்படி? நான் மாணவர்களைக் கூட்டிப்போகும் முறையை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளோடு ஹைதராபாத் வரும் பெற்றோரும் இதைப் பின்பற்றலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வகுப்பில் ஒரு கணக்கு போடச் சொல்லுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். 1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வந்த பெருவெள்ளத்தின் உச்சம் விநாடிக்கு 4,25,000 கன அடி. சுமார் 15,000 பேர் இறந்ததாகச் சொல்வார்கள். அதன் பிறகு அணை கட்டி உருவாக்கிய இரண்டு ஏரிகளில் உஸ்மான் சாகரின் கொள்ளளவு 3.9 டி.எம்.சி., ஹிமாயத் சாகரின் கொள்ளளவு 2.97 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. அந்த உச்ச வெள்ளம் அப்படியே தொடர்ந்து வந்தால் இரண்டு ஏரிகளும் எவ்வளவு நேரத்தில் நிரம்பும்?

ஒரு டி.எம்.சி.க்கு 39 நிமிடம். இரண்டு ஏரிகளும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். விடை வந்ததும் வகுப்பில் யாராவது ஒரு பையன் கேட்பான்: “அப்போ அந்த அணைங்க எதுக்கு சார்?” உடனே பதில் சொல்லாதீர்கள். மறுநாள் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் சுற்றப்போகிறோம்.

காலையில் முதலில் அஃப்சல்கஞ்ச். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துக்குள் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. 1908 வெள்ளத்தில் சுமார் 150 பேர் இந்த மரத்தில் ஏறி உயிர் பிழைத்தார்கள். அப்போது இந்த இடம் அஃப்சல் பூங்கா. மருத்துவமனைக் கட்டடம் பிற்பாடு வந்தது. இங்கே எப்போதும் நோயாளிகளும் உறவினர்களும் நிறைந்திருப்பார்கள், அதனால் பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டிப்போக வேண்டாம், சத்தமும் வேண்டாம். மரத்தடியில் நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஆள் உட்காரக்கூடிய கிளை எந்த உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து ஆறு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அவர்களே மதிப்பிடட்டும். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

அங்கேயே நின்று அந்த வெள்ளத்தின் காரணத்தையும் சொல்லிவிடலாம். மழை மட்டும் காரணமல்ல. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரி குளங்கள் இருந்தன. அவற்றில் 221 உடைந்தன. ஒரு ஏரி உடைந்து அடுத்த ஏரியில் மோதி, அதுவும் உடைந்து, எல்லாம் சேர்ந்து ஊருக்குள் வந்தது. விஸ்வேஸ்வரய்யா அப்போது பம்பாய் அரசுப் பணியிலிருந்து விடுபட்டு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தார். நிஜாம் அரசு அழைத்ததன் பேரில் 1909-இல் இங்கே வந்தார். ஊருக்குள் கரையை உயர்த்துவதோடு நிற்காமல், மேலே போய் மழை எங்கே விழுகிறது, எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தார். அவருடைய அறிக்கை அந்த ஆண்டே தயாராகிவிட்டது. நாமும் அதே வரிசையில் போவோம். இதற்காகத்தான் புளியமரத்துக்கு அடுத்து சார்மினார் பக்கம் திரும்பாமல் நேராக கண்டிப்பேட்டைக்குப் போகச் சொல்கிறேன்.

கண்டிப்பேட்டை என்று ஊரார் சொல்வதுதான் உஸ்மான் சாகர். மூசியின் குறுக்கே கட்டி 1920-இல் முடித்தார்கள். மதகுப் பக்கம் போக முன்கூட்டியே குடிநீர் வாரியத்திடம் அனுமதி கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் கரையிலிருந்தே பார்க்கலாம். மழைக்காலத்தில் இந்த ஏரியின் நீர்மட்டம் நாளிதழ்களில் வரும். அன்றைய அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். முழு நீர்மட்டம் 1,790 அடி, கடல் மட்டத்திலிருந்து. அன்றைக்கு 1,787 என்றால் மூன்று அடி மிச்சம். அந்த மூன்று அடியைக் கையால் சுட்டிக் காட்டுங்கள். நீர்ப்பரப்புக்கு மேலே வெறுமையாகத் தெரியும் அந்த இடம்தான் வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் இடம்.

நேற்றுக் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். முழு வெள்ளத்தையும் பிடித்து வைப்பது அணையின் வேலை இல்லை. ஊருக்குள் ஓடும் ஆறு ஒரு குறிப்பிட்ட அளவுத் தண்ணீரைக் கரை தாண்டாமல் கொண்டுபோகும். அதற்கு மேல் வருவதை மட்டும் சில மணி நேரம் தடுத்து வைத்து, உச்சம் இறங்கிய பிறகு மெதுவாக விட்டால் போதும். அதாவது வெள்ளத்தின் உச்சியை மட்டும் சீவி எடுப்பது. ஆனால் அதற்கு ஏரியில் இடம் இருக்க வேண்டும். குடிநீருக்கோ ஏரி நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஏரிக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். மழைக்காலத்தில் ஷட்டரை எப்போது தூக்குவது, எத்தனை அடி தூக்குவது என்று முடிவு செய்யும் பொறியாளரின் தலைவலி இதுதான். பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை விடுங்கள்: ஆகஸ்டில் ஏரி நிறைந்துவிட்டது, வானிலை அறிக்கை கனமழை என்கிறது, நீ என்ன செய்வாய்? விவாதம் சூடாகட்டும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் இரண்டு ஏரிகளிலிருந்தும் தண்ணீர் திறந்தபோது மூசி பொங்கி, எம்.ஜி.பி.எஸ். பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. பிள்ளைகளில் பலருக்கு அது நினைவிருக்கும், அதனால் பேச்சு தானாக வளரும்.

அங்கிருந்து ஹிமாயத் சாகர் போகும் வழியில் பேருந்தில் விஸ்வேஸ்வரய்யாவின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள். முத்தேனஹள்ளிப் பையன், பெங்களூரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைச் சமாளித்து, 1881-இல் பி.ஏ. முடித்தவர். பொறியியல் படிக்க மைசூர் சமஸ்தானத்தில் கல்லூரி இல்லை. திவான் ரங்காசார்லு காலத்தில் சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில் புனே போனார். (அந்த ரங்காசார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்.) பிறகு தானே திவானாகி, 1916-இல் மைசூர் பல்கலைக்கழகம், 1917-இல் பெங்களூரில் அரசுப் பொறியியல் கல்லூரி என்று தொடங்கி வைத்தார். அதற்குப் பிறகு மைசூர்ப் பிள்ளைகள் பொறியியலுக்காக புனேக்கோ கிண்டிக்கோ போயே தீர வேண்டும் என்ற நிலை இல்லை. இது இல்லாமல் அணைகளை மட்டும் சொன்னால் அவரைப் பாதிதான் சொன்னதாகும்.

ஹிமாயத் சாகர் ஈசி ஆற்றின் மேல், 1927-இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 1,763.5 அடி, 17 மதகுகள். உஸ்மான் சாகரில் 15. இங்கே நீண்ட நேரம் வேண்டாம். ஆனால் கரையில் நின்று நீர்ப்பிடிப்புப் பக்கம் திரும்பி, சுற்றிலும் எழும்பும் கட்டடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், கட்டுமானத்துக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்து 1996-இல் 111-ஆம் எண் அரசாணை வந்தது. அதை விலக்க 2022-இல் 69-ஆம் எண் ஆணை வந்தது. இதில் என் கருத்தை மாணவர்களிடம் ஒளிப்பதில்லை. நீர்ப்பிடிப்பை அடைத்துவிட்டு அணையைப் பாதுகாப்பதில் பயனில்லை. வெயில் காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் வராது, மழைக் காலத்தில் ஒரேயடியாக வரும்.

அடுத்து லங்கர் ஹவுஸ் பக்கம் பாபு காட். மூசியும் ஈசியும் சேரும் இடம் இது. காந்தியின் அஸ்தியை 1948-இல் கரைத்ததும் இங்கேதான். இரண்டு ஆறுகளிலும் உச்சம் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டு ஆற்றுக்கும் தனித்தனி அணை எதற்கு என்று வரைபடத்தைப் பார்த்தவுடன் புரியும்.

மாலையில் ஊருக்குள் மூசி மேல் இருக்கும் நயாபுல் பாலத்துக்குத் திரும்பிவிடுங்கள். 1912-இல் ஏற்பட்ட நகர மேம்பாட்டு வாரியத்தின் வேலைகளோடு சேர்ந்துதான் இந்த ஆற்றங்கரை உருமாறியது. ஒரு கரையில் உயர் நீதிமன்றம், எதிர்க் கரையில் உஸ்மானியா மருத்துவமனை. வெள்ளம் அடித்துக்கொண்டு போன கரையை அழகான கரையாக்க வேண்டும் என்பதும் விஸ்வேஸ்வரய்யா சொன்னதில் உண்டு. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே பார்த்தால் கறுப்புத் தண்ணீர் ஓடும், நாற்றம் அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், பொத்தட்டும். கழிவுநீர்த் திட்டம் இல்லாமல் இந்த வேலை முழுமையாகாது என்று அவர் அன்றே வலியுறுத்தினார். அதற்காக 1922-இல் மறுபடி ஹைதராபாத் வந்தார். இன்றைய ஊரின் அளவுக்கு அந்த வேலை இன்னும் பாக்கி.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் தெருவில் விழும் மழைநீர் எந்தச் சாக்கடை வழியாக எந்த நாலாவுக்கு (பெரிய வடிகாலுக்கு) போய், எந்த ஏரியைத் தொட்டு, எங்கே மூசியில் சேர்கிறது என்று ஒரு பக்கத்தில் வரைந்து வர வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அம்புக்குறி சரியாக இருக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் அடுத்த மழையில் குடையோடு தெருவில் இறங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து வரையட்டும்.