இரு புலம்பெயர் வம்சாவளிச் சமூகங்களை ஒப்பிடுவது எப்படி: பிரிட்டனின் பாகிஸ்தானியரையும் வங்கதேசத்தவரையும் முன்வைத்து

ஒரே நாட்டில் குடியேறிய இரு சமூகங்களில் எது முன்னேறியது, எது பின்தங்கியது என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஒரேயொரு எண்ணைக் காட்டித் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பதை அவர் சொல்வதில்லை. மாணவர்களும் பத்திரிகையாளர்களும் சமூக அமைப்புகளில் பணியாற்றுவோரும் இத்தகைய ஒப்பீட்டை எப்படிப் பொறுப்புடன் செய்யலாம் என்பதை, பிரிட்டனில் வாழும் பாகிஸ்தான் வம்சாவளியினரையும் வங்கதேச வம்சாவளியினரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்த இணையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இவ்விரு சமூகங்களின் தாயகங்களும் 1971 வரை ஒரே நாடாக இருந்தவை. இரண்டிலும் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். இரண்டிலும் முதல் தலைமுறையினரில் மிகப் பலர் ஒரு குறிப்பிட்ட கிராமப்புற வட்டாரத்திலிருந்து வந்த உழைப்பாளிகள். இந்த ஒற்றுமைகளால்தான் பல அறிக்கைகள் இருவரையும் ஒரே பத்தியில் சேர்த்து எண்ணிவிடுகின்றன. ஆய்வு செய்பவருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. மதமும் பழைய தாய்நாடும் ஏறக்குறைய பொதுவாக இருப்பதால், இருவருக்கும் இடையில் காணப்படும் வேறுபாடுகளுக்கு அவற்றைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. வேறிடத்தில் தேடியாக வேண்டும்.

முதலில் கேள்வியைக் கூர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். "யார் நன்றாக இருக்கிறார்கள்" என்பது ஆய்வுக்கு உதவும் கேள்வியன்று. "பிரிட்டனில் பிறந்த 25 முதல் 34 வயதுப் பெண்களில் ஊதிய வேலையில் இருப்போரின் பங்கு இரு சமூகங்களிலும் எவ்வளவு" என்பது கேள்வி. "குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறதா, அதில் நெரிசல் இருக்கிறதா" என்பதும் கேள்வி. கூலி, சொத்து, வீடு, கல்வி, உடல்நலம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான், ஒன்றில் முன்னே நிற்கும் சமூகம் மற்றொன்றில் பின்னே நிற்பது கண்ணில் படும்.

யாரை எண்ணுகிறோம்?

பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனப் பின்னணி பற்றிய கேள்வி 1991இல்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு விடை தருபவர் தம்மை எப்படிக் கருதுகிறாரோ அதன்படியே குறிக்கிறார். பிறந்த நாடோ குடியுரிமையோ அதை முடிவு செய்வதில்லை. ஆகவே "பாகிஸ்தானில் பிறந்தவர்" என்ற எண்ணிக்கையையும் "பாகிஸ்தான் வம்சாவளியினர்" என்ற எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாகிஸ்தான் வம்சாவளியினர் சுமார் 15.9 இலட்சம், வங்கதேச வம்சாவளியினர் சுமார் 6.4 இலட்சம். தமிழ் வாசகர்கள் இந்த வகைப்பாட்டின் கோளாறைத் தம் அனுபவத்திலிருந்தே எளிதில் உணரலாம். அதே படிவத்தில் தமிழகத்துத் தமிழர் பெரும்பாலும் "இந்தியர்" என்ற கட்டத்தில் விழ, தமக்கெனத் தனிக் கட்டம் இல்லாத ஈழத்தமிழர் பலர் "பிற ஆசியர்" என்பதற்குள் போய்விடுகிறார்கள். கட்டத்தின் பெயரைச் சமூகத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும் முன், அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கெடுப்பு நடந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 21 அன்று பிரிட்டன் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளின் கீழ் இருந்தது. உணவகங்களும் டாக்சித் தொழிலும் முடங்கியிருந்த நேரத்தில் எடுக்கப்பட்ட வேலைவாய்ப்பு விவரங்களை, அவ்விரு தொழில்களிலும் அதிகம் ஈடுபட்டிருந்த சமூகங்களின் வழக்கமான நிலையாகக் கொள்ள முடியாது.

எப்போது, எங்கே வந்தார்கள்?

எண்களைத் தொடும் முன், ஒவ்வொரு சமூகமும் வந்த காலத்தையும் வழியையும் இறங்கிய இடத்தையும் ஒரு பக்க அளவில் எழுதிவிடுங்கள் என்பதே நான் வற்புறுத்தும் முதல் வேலை. பின்னால் வரும் புதிர்களில் பாதி இங்கேயே அவிழ்ந்துவிடும்.

பாகிஸ்தான் வம்சாவளியினரில் பெரும் பகுதியினரின் வேர்கள் காஷ்மீரின் பாகிஸ்தான் பகுதியிலுள்ள மிர்பூர் வட்டாரத்தில் இருக்கின்றன. 1960களில் கட்டப்பட்டு 1967இல் முடிக்கப்பட்ட மங்களா அணை அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயரச் செய்தது. ஏற்கெனவே பிரிட்டனில் உறவினர் இருந்தவர்கள் பலர் அந்த வழியே புறப்பட்டார்கள். பிராட்ஃபோர்டு, ஓல்டம் போன்ற வடக்கு நகரங்களின் நூற்பாலைகளில் இரவு நேர வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1962இல் வந்து நுழைவைக் கட்டுப்படுத்திய காமன்வெல்த் குடியேற்றச் சட்டம், போய்வந்துகொண்டிருந்த ஆண்களை ஓரிடத்தில் நிலைக்கவும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் தூண்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போனது, ஆனால் குறைந்த விலைக்கு வாங்கிய வரிசை வீடுகள் கையில் இருந்தன.

வங்கதேசத்தவரில் மிகப் பெரும்பாலோர் சில்ஹெட் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள் வழியே தொடங்கிய இந்த வருகையில், மனைவியரும் குழந்தைகளும் பெருமளவில் வந்து சேர்ந்தது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும்தான். அவர்கள் இறங்கிய இடம் கிழக்கு லண்டன். கிடைத்த வேலை தையல் பட்டறையிலும் உணவகத்திலும். வாழ்ந்த வீடு பெரும்பாலும் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வாடகை வீடு. அக்காலத்தில் அங்கே இனவெறித் தாக்குதல்கள் கடுமையாக இருந்தன. 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி கொல்லப்பட்டதும், அதையடுத்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றதும் அந்தச் சமூகத்தின் நினைவில் இன்றும் இருக்கின்றன. "அவர்கள் ஏன் ஒரே இடத்தில் கூடி வாழ்கிறார்கள்" என்று கேட்பவர் இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இன்றைய நிலையில் வங்கதேச வம்சாவளியினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் லண்டனில் இருக்கிறார்கள். பாகிஸ்தான் வம்சாவளியினரில் லண்டனில் இருப்போர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் வட்டத்தில் மூவரில் ஒருவர் வங்கதேச வம்சாவளியினர். பிராட்ஃபோர்டில் நால்வரில் ஒருவர் பாகிஸ்தான் வம்சாவளியினர். இந்த நான்கு எண்களையும் மேசைமேல் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். இரு சமூகங்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, லண்டனையும் வடக்கு நகரங்களையும் ஒப்பிட்டுவிடும் அபாயம் ஒவ்வொரு அட்டவணையிலும் இருக்கிறது.

கூலி, வருமானம், சொத்து

2018இல் கிரேட் பிரிட்டனில் ஒரு மணி நேரக் கூலியின் நடுமதிப்பு, அதாவது எல்லாருடைய கூலியையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகை, பாகிஸ்தான் வம்சாவளியினருக்கு 10 பவுண்டாகவும் வங்கதேச வம்சாவளியினருக்கு 9.60 பவுண்டாகவும் இருந்தது. வெள்ளை பிரிட்டானியருக்கு அது 12.03 பவுண்டு. இதைப் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்வோர் மட்டுமே இருக்கிறார்கள். சொந்தமாக டாக்சி ஓட்டுபவரும் உணவகம் நடத்துபவரும் இதில் இல்லை. வீட்டில் இருந்தபடி துண்டுக்கு இவ்வளவு என்று துணி தைத்துக் கொடுத்த பெண்கள் எந்தக் கணக்கிலும் சரியாகப் பதிவானதே இல்லை. மணிக்கூலி என்பது எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்பதையும் சொல்லாது.

தனிநபரின் கூலியிலிருந்து குடும்பத்தின் வருமானத்துக்கு நகரும்போது, எத்தனை பேர் அந்த வருமானத்தில் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி வருகிறது. பிரிட்டன் அரசின் வறுமைக் கணக்கில் இதற்கென ஒரு முறை உண்டு. வாடகை போன்ற வீட்டுச் செலவைக் கழிக்கும் முன்னரான கணக்கில், முதல் பெரியவருக்கு 0.67, 14 வயது நிரம்பிய பிள்ளைகள் உட்பட அடுத்துள்ள ஒவ்வொருவருக்கும் 0.33, அதற்குக் குறைந்த வயதுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 0.20 என எடை கொடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வருமானத்தை வகுக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டாக, கணவனும் மனைவியும் ஒரு சிறு குழந்தையும் உள்ள வீட்டின் வார வருமானம் 600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். எடை 1.20, சரிசெய்த வருமானம் 500 பவுண்டு. மற்றொரு வீட்டில் கணவன், மனைவி, மூன்று சிறு குழந்தைகள், பாட்டி ஆகியோர் இருக்க, வருமானம் 800 பவுண்டு. எடை 1.93, சரிசெய்த வருமானம் சுமார் 415 பவுண்டு. அதிகம் ஈட்டும் வீடுதான் இங்கே ஏழ்மையில் இருக்கிறது. இந்த வகுத்தலைச் செய்யாமல் இரு சமூகங்களின் குடும்ப வருமானத்தை ஒப்பிட்ட எந்தக் கட்டுரையையும் நான் நம்புவதில்லை.

வீட்டுச் செலவைக் கழிக்கும் முன்பும் கழித்த பின்பும் கிடைக்கும் இரு எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் வாடகை கொடுப்பவரின் நிலை இரண்டாவது எண்ணில்தான் தெரியும்.

சொத்துக்கு வந்தால் படம் அடியோடு மாறுகிறது. இனச் சமத்துவம் பற்றி ஆராயும் ரன்னிமீட் டிரஸ்ட் அமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளை பிரிட்டானியக் குடும்பத்திடம் ஒரு பவுண்டு (100 பென்ஸ்) சொத்து இருந்தால் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்திடம் சுமார் 50 பென்ஸும் வங்கதேச வம்சாவளிக் குடும்பத்திடம் சுமார் 10 பென்ஸும் இருந்தன. மணிக்கூலியில் 40 பென்ஸ் மட்டுமே வேறுபடும் இருவருக்கிடையே சொத்தில் ஐந்து மடங்கு வேறுபாடு எப்படி வந்தது? வரலாற்றுப் பக்கத்துக்குத் திரும்பிப் போனால் விடையின் பெரும் பகுதி அங்கே இருக்கிறது. ஆலை நகரத்தில் மலிவாக வாங்கிய வீடு ஒரு பக்கம். விலை எட்டாத லண்டனில் கவுன்சில் வாடகை மறுபக்கம். இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரையான விவரங்களில் சொந்த வீட்டில் வாழும் குடும்பங்கள் பாகிஸ்தான் வம்சாவளியினரில் 58 விழுக்காடும் வங்கதேச வம்சாவளியினரில் 46 விழுக்காடும் இருந்தன. நெரிசலான வீடுகள், 2016 முதல் 2019 வரையான விவரங்களில், முறையே 18, 24 விழுக்காடு. சேமிக்கும் பழக்கம், சிக்கனம் என்றெல்லாம் விளக்கம் சொல்லத் தொடங்கும் முன், வீட்டு விலை வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும்.

இடத்தின் தாக்கத்தைப் பிரித்தறிய ஒரு நேரடியான வழி இருக்கிறது. ஓல்டம் நகரில் இரு சமூகங்களும் கணிசமாக வாழ்கின்றன. கிழக்கு லண்டனின் நியூஹாமிலும் அப்படியே. தேசிய சராசரிகளை ஒதுக்கிவிட்டு, ஓல்டத்தில் இருவரையும் நியூஹாமில் இருவரையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். அதிகாரப்பூர்வத் தொழிலாளர் புள்ளிவிவரங்களுக்கான நோமிஸ் இணையதளத்தில், கணக்கெடுப்பின் இத்தகைய வட்டார அட்டவணைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். இரு ஊர்களிலும் வேறுபாடு சுருங்கினால், தேசிய எண்ணில் கண்டது பெருமளவு ஊரின் வேறுபாடே. சுருங்காமல் நின்றால், அந்த மிச்சத்துக்குத்தான் சமூகத்துக்கே உரிய காரணங்களைத் தேட வேண்டும்.

கல்வியும் வயதும்

டவர் ஹாம்லெட்ஸின் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில் தேர்வு முடிவுகளில் இங்கிலாந்தின் கடைசி இடத்தில் இருந்தன. இன்று வங்கதேச வம்சாவளி மாணவர்களின் 16 வயதுத் தேர்வுச் சராசரி, வெள்ளை பிரிட்டானிய மாணவர்களின் சராசரியையும் பாகிஸ்தான் வம்சாவளி மாணவர்களின் சராசரியையும் விட உயர்ந்திருக்கிறது. சொத்தில் பின்தங்கிய சமூகம் கல்வியில் முந்துகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் பெற்றோரின் அக்கறையையும் நான் மனதாரப் போற்றுகிறேன். எனினும் அதே காலத்தில் லண்டன் பள்ளிகள் அனைத்திலும் பெரும் முன்னேற்றம் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இங்கும் லண்டன் மாணவரை லண்டன் மாணவருடன் ஒப்பிடுவதே முறை.

கல்வியில் வயது மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். தாயகத்தில் பள்ளிப்படிப்பை முடிக்காமல் வந்த பாட்டியையும் லண்டனில் பட்டம் பெற்ற பேத்தியையும் ஒரே சராசரியில் சேர்த்தால், அது இருவரில் யாரையும் காட்டாது. பெண்களின் வேலைவாய்ப்பிலும் இதே நிலைதான். இரு சமூகங்களிலும் மூத்த தலைமுறைப் பெண்களில் ஊதிய வேலைக்குப் போனோர் குறைவு. இங்கே பிறந்து படித்த பெண்களிடம் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. வயது, பால், பிறந்த நாடு என்ற மூன்றாலும் பிரித்த பிறகே ஒப்பிடுங்கள்.

பாகுபாட்டை எந்தச் சராசரியும் நேரடியாகக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. பிரிட்டன் அரசுத் துறை ஒன்றுக்காக நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயருக்கு ஒன்பது விண்ணப்பங்களில் ஒரு சாதகமான பதில் கிடைக்க, சிறுபான்மைப் பெயருக்குப் பதினாறு விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. கூலி வேறுபாட்டைத் திறமையோடு மட்டும் பொருத்திப் பேசுபவருக்கு இதைக் காட்டுங்கள்.

தனிமனித வெற்றிகளைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாகிஸ்தான் வம்சாவளியில் வந்த பேருந்து ஓட்டுநரின் மகனான சாதிக் கான் 2016இல் லண்டன் மேயரானதும், ருஷனாரா அலி 2010இல் வங்கதேச வம்சாவளியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானதும் பெருமைக்குரியவை. ஆனால் அவை சமூகத்தின் நடுமதிப்பில் நிற்கும் குடும்பத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மாதிரி ஆய்வுகளில் சிறிய சமூகத்திலிருந்து சில நூறு பேர் மட்டுமே இடம்பெறுவது வழக்கம் என்பதால், ஓரிரு விழுக்காட்டு வேறுபாட்டையும் பெரிதாக எழுத வேண்டாம். பல ஆண்டுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஆண்டு, இடம், யாரைப் பற்றியது என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். முன்னுக்குப்பின் முரணான முடிவுகள் வந்திருந்தால் அவற்றை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்காமல் முரணாகவே அச்சிடுங்கள். வெளியிடும் முன் இரு சமூகங்களையும் சேர்ந்த ஓரிருவரிடம் வரைவைக் கொடுத்து, தங்கள் தெருவில் கண்டதோடு எந்த வரி பொருந்தவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சுட்டும் வரியை மறுபடி அட்டவணையோடு வைத்துப் பாருங்கள்.