பூஞ்சணம் பிடித்த கசெட்டிலிருந்து டிஸ்கோ பாட்டுகளை மீட்டெடுக்கும் முறை

எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து வீடுகளில் பதிவான கசெட்டுகளை ட்ரங்குப் பெட்டியில் வைத்தவர்கள் இன்று திறந்தால் நாடாச் சுருளின் மேல் வெண்பூஞ்சணம் பூத்திருப்பதைக் காண்பார்கள். ஈரம் படக்கூடாதென்று அடுப்பங்கரைப் பரணில் வைத்தவர்களுக்கோ புகை படிந்த கசெட்டுகள் கிடைக்கும். ஹற்றனுக்கு அருகே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்த என் மாமா, றேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கோடரை வைத்து இலங்கை வானொலியிலிருந்து பதிந்த கசெட்டுகளில் இந்த இரண்டு வகையும் இருந்தன. பீ ஜீஸ், அபா, போனி எம் ஆகியோரின் பாட்டு மட்டும் வேண்டுமென்றால் கைபேசியே போதும். ஆனால் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறிக்கொள்ளும் அறிவிப்பாளரின் குரலும், தகரக் கூரையில் விழும் மழையின் ஓசையும் அந்தக் கசெட்டில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது அதே பாட்டுகள் நமக்கு அளவுகோலாகவும் உதவும் என்பதைப் பின்னால் காட்டுகிறேன்.

முதலில் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் வட்டவளை, ஹற்றன் பக்கத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களே ஏற்றவை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் ஜூலை, ஆகஸ்டில் வீசும் காய்ந்த காற்று கைகொடுக்கும். நல்ல தேயிலைக்குப் பெயர்போன மாதங்களும் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ இவைதாம். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த கசெட்டை உடனே சூடான இடத்துக்குக் கொண்டுபோனால் நாடாவில் நீர் கோக்கும் என்பதால், மூடிய பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓரிரு நாள் வைத்த பிறகே கையில் எடுக்க வேண்டும். வெயிலிலும் அடுப்பருகிலும் காய வைப்பது கூடாது. பிளாஸ்டிக் கூடு நெளிந்துவிடும்.

பூஞ்சணம் தெரிந்தால் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். அந்த நிலையிலேயே கசெட்டை ஓட விட்டால் தூள், நாடாவைப் படிக்கும் இயந்திரத் தலைப்பகுதியில் படிந்து, அடுத்துப் போடும் கசெட்டையும் கெடுக்கும். ஐந்து திருகாணிகள் உள்ள கூடாக இருந்தால் பிரிப்பது எளிது. மென்மையான காய்ந்த தூரிகையால் சுருளின் பக்கங்களைத் துடைத்து, நாடாவின் முகத்தில் விரல் படாமல், திருகாணியுள்ள வேறொரு நல்ல கசெட்டின் கூட்டுக்குள் இரு சுருள்களையும் மாற்றிவிடலாம். இப்படி மாற்றும்போது, நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னஞ்சிறு கம்பளித் துண்டு அதன் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கழன்று விழுந்த கசெட்டில் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி மங்கிக் கேட்கும். நாடாவே பழுதாகிவிட்டதென்று பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய வகைக் கூடு என்றால் அதைப் பிளக்கும் வேலையை முதல் கசெட்டிலேயே முயல வேண்டாம்.

இயந்திரத்தின் தலையையும் உலோகச் சுழல்தண்டையும் பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். றப்பர் உருளைக்குச் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். அடுத்து, தலையின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியைக் கவனிக்க வேண்டும். மாமாவின் ரெக்கோடரில் பதிந்த சாய்வும் உங்கள் இயந்திரத்தின் சாய்வும் ஒன்றாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. இந்த இடத்தில் டிஸ்கோ பாட்டைப் போல் உதவும் பாட்டு வேறில்லை. நான்கு அடிக்கும் தவறாமல் பெருமுரசு விழ, இரண்டு அடிகளுக்கு நடுவே ஹை-ஹட் தாளத்தட்டு ‘ட்ஸ்’ என்று திறந்து மூடும். பாட்டை ஓடவிட்டு, இரு ஒலித்தடங்களையும் ஒன்றாக்கிக் கேட்டபடி, திருகாணியை மிகச் சிறிதளவாகத் திருப்பிப் பாருங்கள். அந்த ‘ட்ஸ்’ மழுங்கிய ‘ஃப்’ ஆக இருந்து கூர்மையாகத் தெறிக்கும் இடம் ஒன்று வரும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கணினியில் இணைப்பது பெரிய வேலை இல்லை. இயந்திரத்தின் ஒலி வெளியீட்டைச் சிறிய யுஎஸ்பி ஒலி இடைமுகத்தின் லைன் உள்ளீட்டில் செருகி, மிக உரத்த இடத்திலும் ஒலியளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, ஒடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் வீதம், அறுபது நிமிடக் கசெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 600 மெகாபைட் இடம் தேவை. வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்ப எம்பி3 பிரதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இனி வேகம். பழைய இயந்திரங்களில் பெல்ட் தளர்ந்திருக்கும், மோட்டார் வேகம் பிசகியிருக்கும். ஆகவே பதிவு கொஞ்சம் விரைந்தோ தாமதித்தோ ஓடும். பீ ஜீஸ் பாடிய ‘ஸ்டேயின் அலைவ்’ இதை அளப்பதற்குச் சிறந்த கருவி. 1978 பெப்ரவரியில் அமெரிக்க பில்போர்ட் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கே இருந்த அந்தப் பாட்டின் முரசை முழுவதும் ஒருவர் அமர்ந்து வாசிக்கவில்லை. பிரான்ஸில் ஒலிப்பதிவு நடந்தபோது முரசுக் கலைஞர் ஊருக்குப் போக நேர்ந்ததால், ‘நைட் ஃபீவர்’ பாட்டின் முரசொலியில் ஒரு சிறு பகுதியை வெட்டி, நாடா வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அதனால் அதன் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 அடியில் ஏறவும் இறங்கவும் இல்லாமல் நிற்கிறது. மாமாவின் கசெட்டில் நான் எண்ணிப் பார்த்தபோது 109 வந்தது. 104ஐ 109ஆல் வகுத்தால் 0.954, ஒடாசிட்டியில் அந்தப் பக்கம் முழுவதையும் இந்தப் பெருக்கத்துக்குக் குறைத்தேன். சுருதியும் சேர்ந்து மாறும் வேகக் கட்டளையையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். தாளத்தை மட்டும் மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் சுருதி தவறியபடியே நின்றுவிடும்.

காதை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. பீ ஜீஸ் பாடகர் பெரி கிப் இயல்பை மீறி உயர்த்திப் பாடும் கள்ளக்குரல் முன்பே உச்சியில் இருப்பதால் ஐந்து சதவீத வேறுபாடு அதில் உறைக்காது. ஆனால் போனி எம்மின் ‘டடி கூல்’ பாட்டிலுள்ள கனத்த ஆண்குரல், தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபரியன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே பாடியது, மெலிந்து கேட்டால் வேகம் கூடியிருக்கிறதென்று உடனே பிடிபடும்.

நேரத்தைக் கொண்டு அளக்க முனைந்தால் எந்தப் பதிப்பு என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’ சிறு தட்டில் மூன்றேகால் நிமிடமும், ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 12 அங்குலத் தட்டில் எட்டு நிமிடமும் ஓடும். இது தெரியாமல், கசெட்டில் பாட்டு பாதியில் அறுந்துவிட்டதென்று எண்ணி ஒரு மாலை முழுவதும் மறுபக்கத்தில் அதன் மீதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கசெட்டின் மேலுள்ள எழுத்தை அப்படியே நம்பிப் பெயரிட வேண்டாம். மாமாவின் ஒரு கசெட்டில் ‘1977’ என்று எழுதியிருந்தது. உள்ளே 1978இல் பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தில் ஐந்து வாரம் நின்ற ‘ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ இருந்தது. பழைய பதிவின் மேலேயே மறுபடி பதிந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் இருப்பவற்றுள் கடைசியாக வெளிவந்த பாட்டு எதுவோ, அந்தப் பக்கத்துப் பதிவு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 1980இல் முதலிடம் பிடித்த லிப்ஸ் இன்கின் ‘ஃபங்கிடவுன்’ இருக்கும் பக்கத்தை 1977இல் அடைக்க வழியில்லை.

இரைச்சலை நீக்கும் கட்டளையை அளவோடு கையாளுங்கள். அதை முழு அளவில் கொடுத்தபோது மழைச் சத்தத்தோடு அறிவிப்பாளர் மூச்செடுக்கும் ஒலியும் போய், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. எனவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, துப்புரவு செய்ததை வேறு பெயரில் சேமிக்கிறேன். வேலை முடிந்த கசெட்டை ஒரு முனைவரை முழுதாகச் சுற்றி, நிமிர்த்திய நிலையில், காற்றுப் புகாத பிஸ்கட் டின்னுக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலம் தொடங்கும்போது ஒருமுறை பொட்டலங்களை மாற்றிவிட வேண்டும்.