ஹோட்டல், கடை வேலைக்குப் போறீங்களா? ஒயினை இந்த வரிசைல கத்துக்கங்க

கேட்டரிங் முடிச்சிட்டு கப்பல், துபாய், சிங்கப்பூர், லண்டன்னு கிளம்புற நம்ம பசங்க பொண்ணுங்க நிறைய பேருக்கு டேபிள் செட் பண்றது, ஆர்டர் எடுக்கறது எல்லாம் சுலபமா வந்துடும், ஆனா கெஸ்ட் ஒயின் லிஸ்ட்டைத் திறந்து "ரொம்ப புளிப்பு இல்லாம ஒரு ஒயிட் சொல்லுங்க"ன்னு கேட்டா உடனே சீனியரைத் தேடுவாங்க. வீட்டுல ஒயின் பழக்கம் இல்லாத ஊர்லேருந்து வர்றோம், அதனால இது இயல்புதான். இதை சரி பண்ண வருஷக்கணக்கா ஆகாது, வரிசையா படிச்சா சில வாரம் போதும். பெரும்பாலானவங்க பிராண்ட் பேரு, ஊர் பேரு, விலைன்னு மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடறாங்க, அது கடைசில வர வேண்டியது. முதல்ல வாய்ல என்ன நடக்குதுன்னு புரியணும், ஏன்னா கெஸ்ட் கேக்கறது எல்லாமே புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, லைட், ஸ்ட்ராங் இந்த அஞ்சுக்குள்ளதான்.

சர்டிஃபிகேட் வேணும்னா டபிள்யூ.எஸ்.இ.டி (ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் ட்ரஸ்ட்) நடத்துற லெவல் 1 ஒயின் கோர்ஸ் நல்ல ஆரம்பம். 1969-ல லண்டன்ல தொடங்கின அமைப்பு, பல நாட்டுல சென்டர் இருக்கு, பெரும்பாலும் ஒரே நாள் கிளாஸ். பரீட்சைல 30 கேள்வி, எல்லாமே நாலுல ஒண்ணு டிக் பண்றது, 45 நிமிஷம், 70 சதவீதம் எடுத்தா பாஸ், அதாவது 21 சரியா போட்டா போதும். டேஸ்டிங் கிளாஸ்ல உண்டு, பரீட்சைல கிடையாது. இதுக்கு முன்னாடி எதுவும் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. ஃபீஸ் உங்க கைக்கு மீறினா விடுங்க, கீழ சொல்றதை ஒழுங்கா பழகினாலே அந்தப் பாடத்துல பாதிக்கு மேல வந்துடும், நீங்க வேலை பாக்குற இடத்துல ஸ்டாஃப் ட்ரெயினிங்னு பாட்டில் திறந்தா மிஸ் பண்ணாம முன்னாடி போய் நில்லுங்க.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், நீங்க குடிக்கறவரா இருக்கணும்னு அவசியமே இல்ல. உலகம் முழுக்க இந்தத் தொழில்ல இருக்கறவங்க வேலை நேரத்துல ருசி பாத்துட்டு துப்பத்தான் செய்வாங்க, அதுக்குன்னே டேபிள்ல பக்கெட் வச்சிருப்பாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மத நம்பிக்கையால வாய்லயே வைக்காதவங்களும் மூக்கை வச்சும் பாடத்தை வச்சும் நல்லா பண்ண முடியும்.

எப்படி செய்யறாங்கன்னு சுருக்கமா தெரிஞ்சா போதும். திராட்சைல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டு ஆல்கஹாலாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாத்துது. கறுப்பு திராட்சையா இருந்தாலும் பெரும்பாலான ரகத்துல ஜூஸ்ல நிறம் இல்ல, நிறம் தோல்லதான் இருக்கு. அதனால தோலோட சேர்த்து புளிக்க வச்சா ரெட், பிழிஞ்சு தோலை எடுத்துட்டு ஜூஸை மட்டும் புளிக்க வச்சா ஒயிட், கொஞ்ச நேரம் மட்டும் தோலோட வச்சு எடுத்தா ரோஸே. துவர்ப்பு ரெட்ல மட்டும் ஏன் அதிகம்னா அதுவும் தோல்லேருந்தும் விதையிலேருந்தும் வர்றதுதான். இது புரிஞ்சிட்டா நிறைய கேள்விக்கு நீங்களே பதில் யோசிச்சு சொல்லிடலாம்.

இப்ப வாய்க்கு பயிற்சி, இதை வீட்டுலயே ஒயின் இல்லாம பண்ணலாம். நாலு டம்ளர் எடுங்க. ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல எலுமிச்சை பிழிஞ்ச தண்ணி, ஒண்ணுல சர்க்கரைத் தண்ணி, இன்னொண்ணுல பால் சர்க்கரை இல்லாம ரொம்ப நேரம் கொதிக்க விட்ட கறுப்பு டீ. எலுமிச்சைத் தண்ணி குடிச்சதும் தாடைக்கு ரெண்டு பக்கமும் எச்சில் ஊறுதா, அதுதான் அசிடிட்டி, ஊற ஊற அசிடிட்டி அதிகம்னு அர்த்தம். டீ குடிச்சதும் ஈறும் கன்னத்து உள்பக்கமும் காஞ்சு போய் இழுக்குதா, அதுதான் டானின், டீலயும் இருக்கு ரெட் ஒயின்லயும் இருக்கு. அப்புறம் எலுமிச்சைத் தண்ணியையும் சர்க்கரைத் தண்ணியையும் கலந்து குடிச்சுப் பாருங்க, புளிப்பு குறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா எச்சில் அதே அளவு ஊறும். அதனால புளிப்பை நாக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க, எச்சிலை வச்சு முடிவு பண்ணுங்க. ஆல்கஹால் தொண்டைல சூடா இறங்கும், பாடிங்கறது வாய்ல எவ்வளவு கனமா நிக்குதுங்கறது. இந்த அஞ்சையும் சொல்லத் தெரிஞ்சா நீங்க ஒரு பாட்டிலைப் பத்தி கெஸ்ட்கிட்ட நம்பிக்கையா பேசலாம்.

வாசனைக்கு வருவோம். பாடப் புத்தகத்துல பிளாக்கரன்ட், கூஸ்பெரி, ராஸ்பெரின்னு போட்டிருக்கும், நம்ம ஆளுங்க பல பேரு அதெல்லாம் முகர்ந்ததே இல்லாம மனப்பாடம் பண்றாங்க. பரீட்சைக்கு அந்த வார்த்தை வேணும், படிச்சுக்கங்க, ஆனா மூக்கைப் பழக்க நம்ம மார்க்கெட்டும் மளிகைக் கடையும் நல்ல இடம். ஷிராஸ்ங்கற ரெட் ஒயின்ல வர்ற மிளகு வாசனைக்கு காரணம் ரொட்டன்டோன்னு ஒரு பொருள், மிளகுல இருக்கறதும் அதேதான். காபர்னே சோவின்யோன்ங்கற இன்னொரு ரெட்ல சில சமயம் வர்ற பச்சை வாசனை குடைமிளகாயை நறுக்கும்போது வர்றதோட உறவு. ஓக் மரப் பீப்பாய்ல வச்ச ஒயின்ல வெனிலா, கிராம்பு, அமெரிக்கன் ஓக்னா தேங்காய் வாசனை கூட வரும். நியூசிலாந்துல மார்ல்பரோ பகுதியோட சோவின்யோன் ப்ளாங்க்ங்கற ஒயிட்ல கொய்யாவும் பாஷன் ஃப்ரூட்டும் தூக்கலா இருக்கும். தேனி பக்கம் ஆளுங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு, கம்பம் பள்ளத்தாக்குல விளையற பன்னீர் திராட்சை மஸ்கட் குடும்பம், 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது. அந்த வாசனை தெரிஞ்சவங்க இத்தாலியோட மொஸ்காட்டோ கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனதுமே கண்டுபிடிச்சிடலாம், ஏன்னா ஒயினானதுக்கு அப்புறமும் திராட்சை வாசனையே வர்றது மஸ்கட் குடும்பத்தோட அடையாளம்.

லேபிள்ல நிறைய பேரு தடுமாறுறது எங்கன்னா, ஆஸ்திரேலியா, சிலி, நம்ம நாசிக் பாட்டில்ல எல்லாம் திராட்சை பேரு போட்டிருக்கும், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பாட்டில்ல பெரும்பாலும் ஊர் பேருதான் இருக்கும், திராட்சை என்னன்னு நீங்கதான் தெரிஞ்சு வச்சிருக்கணும். ஷப்லின்னா ஷார்டனே. ஒயிட் சான்செர்னா சோவின்யோன் ப்ளாங்க். ரெட் பர்கண்டின்னா பினோ ந்வார். போஷலேன்னா காமே, கியான்டில முக்கியமானது சாஞ்சொவேசே, பரோலோ நெபியோலோ, ரியோஹா ரெட்ல தெம்ப்ரனியோ. தினமும் கேக்கறது இவ்வளவுதான், ஒரு வாரம் பஸ்ல போகும்போது சொல்லிப் பாத்தா வந்துடும். உச்சரிப்பையும் இப்பவே பழகிடுங்க, Merlot, Pinot-னு எழுதியிருந்தாலும் மெர்லோ, பினோன்னுதான் சொல்லணும், கடைசி 'ட்' சத்தம் வராது. "எனக்கு ஷார்டனே பிடிக்காது, ஆனா ஷப்லி கொண்டு வாங்க"ன்னு சொல்ற கெஸ்ட் இருப்பாங்க, அவங்களைத் திருத்தாதீங்க, ஓக் வாசனை இல்லாம ஃப்ரெஷ்ஷா கேக்கறாங்கன்னு புரிஞ்சுகிட்டா போதும்.

சர்வீஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது டெம்பரேச்சர். நல்ல பாட்டிலை தப்பான சூட்டுல குடுத்தா காசு குடுத்தவருக்கு அந்த ஒயின் கிடைக்கவே இல்ல. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடுக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஆனா அது ஐரோப்பாவோட குளிர்ந்த வீட்டை வச்சு சொன்னது, சென்னைலயோ துபாய்லயோ 30 டிகிரில வச்சா ஆல்கஹால்தான் மூக்குல அடிக்கும். கனமான ரெட்டுக்கு 15லேருந்து 18 டிகிரி, போஷலே மாதிரி லைட் ரெட்டுக்கு 13 பக்கம், ஓக் போட்ட கனமான ஒயிட்டுக்கு 10லேருந்து 13, லைட் ஒயிட்டுக்கும் ரோஸேக்கும் 7லேருந்து 10, நுரைக்கிற ஸ்பார்க்ளிங் ஒயின் 6லேருந்து 10, இனிப்பு ஒயின் 6லேருந்து 8. ரெட் சூடா இருந்தா கொஞ்ச நேரம் ஐஸ் பக்கெட்ல வைக்கறதுல தப்பே இல்ல, கெஸ்ட்கிட்ட கேட்டுட்டு வைங்க. பக்கெட்ல வெறும் ஐஸ் மட்டும் கொட்டாதீங்க, பாதி ஐஸ் பாதி தண்ணி, அப்பதான் பாட்டிலைச் சுத்தி எல்லா இடத்துலயும் குளிர் படும், சீக்கிரம் ஆறும்.

பாட்டில் திறக்கறதுக்கு முன்னாடி ஆர்டர் பண்ணவருக்கு லேபிளைக் காட்டி பேரும் வருஷமும் வாய்விட்டு சொல்லுங்க. வருஷம் மாறிப் போச்சுன்னா திறந்ததுக்கு அப்புறம் பேச்சுவார்த்தை பெருசாயிடும். பாட்டில் கழுத்துல இருக்கற விளிம்புக்குக் கீழ ஃபாயிலை வெட்டி, வாயைத் துடைச்சு, ஸ்க்ரூவை நடு மையத்துல நேரா இறக்குங்க, சத்தம் இல்லாம எடுங்க. ஆர்டர் பண்ணவருக்கு ஒரு சொட்டு ஊத்தி சரின்னு சொன்னதுக்கு அப்புறம் மத்தவங்களுக்கு ஊத்திட்டு கடைசில அவர்கிட்ட வாங்க.

ஷாம்பெய்ன்ல மட்டும் அவசரமே கூடாது, உள்ள 5, 6 அட்மாஸ்ஃபியர் பிரஷர் இருக்கு, கார்க் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். நல்லா குளிர்ந்த பாட்டிலா எடுங்க, கம்பியைத் தளர்த்தின நிமிஷத்துலேருந்து கட்டை விரல் கார்க் மேலயே இருக்கணும், பாட்டிலை ஆள் இல்லாத பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு கார்க்கை அசையாம வச்சுகிட்டு பாட்டிலைத் திருப்புங்க. சின்னதா ஒரு பெருமூச்சு சத்தம் வந்தா நல்லா திறந்திருக்கீங்க.

கெஸ்ட் "இது கெட்டுப் போயிருக்கு"ன்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாம முகர்ந்து பாருங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரத் துணி மாதிரி வாசனை வந்து பழ வாசனை செத்துப் போயிருந்தா கார்க்லேருந்து வர்ற டி.சி.ஏங்கற ரசாயனத்தால வந்த பிரச்சனை, எவ்வளவு விலை பாட்டில்லயும் வரலாம், மாத்திக் குடுக்கணும். ரொம்ப நாள் திறந்தே இருந்ததுன்னா நிறம் பழுப்பாகி ஃப்ரெஷ்னஸ் போயிருக்கும், கிளாஸ்ல விக்கற இடத்துல இது அடிக்கடி நடக்கும், அதனால திறந்த தேதியை பாட்டில்ல எழுதுங்க. மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா நுரை இல்லாத சாதா ஒயின் 3லேருந்து 5 நாள் தாங்கும், ரெட்டையும் ஃப்ரிட்ஜ்லயே வைங்க. கணக்கும் தெரியணும், 750 மில்லி பாட்டில்ல 150 மில்லியா ஊத்தினா 5 கிளாஸ், 125-ஆ ஊத்தினா 6, லண்டன் பப்ல வழக்கமா ஊத்துற 175-ல 4 கிளாஸும் கொஞ்சம் மிச்சமும்.

சாப்பாட்டோட சேர்க்கறதுல மீனுக்கு ஒயிட் கறிக்கு ரெட்னு நிறுத்திடாதீங்க. சாப்பாட்டுல இனிப்பு இருந்தா ஒயின் இன்னும் புளிப்பா, வறட்சியா தெரியும், அதனால டெசர்ட்டை விட ஒயின் இனிப்பா இருக்கணும். சாப்பாட்டுல உப்பும் புளிப்பும் இருந்தா ஒயின் மென்மையாகும், காரம் இருந்தா ஆல்கஹால் எரிச்சலை ஏத்தும். செட்டிநாடு மிளகு கோழிக்கு 14.5 சதவீதம் ஆல்கஹால் இருக்கற துவர்ப்பான ரெட் ஒயினைக் குடுத்தா ரெண்டும் கெட்டுப் போகும், லேசா இனிப்பு இருக்கற ஜெர்மன் ரீஸ்லிங்ங்கற ஒயிட்டைக் குடுங்க, அதுல மோசல் பகுதியோட கபினெட்ங்கற லைட் வகைல பல பாட்டில்ல 8, 9 சதவீதம்தான் ஆல்கஹால். இந்தியன் ரெஸ்டாரன்ட்ல வேலை பாக்கறவங்க இதை ஒண்ணு தெரிஞ்சு வச்சாலே போதும், கெஸ்ட் திரும்பி வரும்போது உங்க பேரைச் சொல்லிக் கேப்பாங்க.

வெஜிடேரியன் கெஸ்ட் "இது சைவமா"ன்னு கேட்டா சிரிக்காதீங்க, அது சரியான கேள்வி. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீன்லேருந்து எடுக்கற பொருள் எல்லாம் போடறது உண்டு, பிறகு வடிகட்டி எடுத்துடுவாங்க, ஆனா நம்பிக்கை அவங்களோடது. லேபிள்ல வீகன்னு இருந்தா காட்டுங்க, இல்லன்னா சப்ளையர்கிட்ட கேட்டு சொல்றேன்னு சொல்லுங்க, ஊகத்துல ஆமான்னு சொல்லவே கூடாது.

கடைல நிக்கறவங்களுக்கு பாட்டில் வைக்கற விதம் முக்கியம். கார்க் போட்டது படுக்கணும், இல்லன்னா கார்க் காஞ்சு காத்து உள்ள போகும், ஸ்க்ரூ கேப் நின்னா பரவாயில்ல. வெயில் படற ஷோகேஸ்ல விலை அதிகமான பாட்டிலை அடுக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், வெளிச்சமும் சூடும் ரெண்டுமே ஒயினுக்கு எதிரி. வாங்க வர்றவர்கிட்ட முதல்ல விலை கேக்காதீங்க, எதோட சாப்பிடப் போறாரு, இதுக்கு முன்னாடி எது பிடிச்சுதுன்னு கேளுங்க, பட்ஜெட் அவரே சொல்வாரு. ஷாம்பெய்ன் கேட்டு விலை பாத்துத் தயங்கினா ஸ்பெயினோட காவாவைக் காட்டுங்க, அதுவும் பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வச்சு செய்யறது, இத்தாலி ப்ரொசெக்கோ பெரும்பாலும் டேங்க்ல செய்யறது, பழ வாசனை தூக்கலா இருக்கும். வயசு சந்தேகம் வந்தா ஐடி கேளுங்க, லண்டன், சிங்கப்பூர்ல 18, துபாய், தமிழ்நாட்டுல 21, கூட்டம் இருக்குன்னு இதை விட்டுடாதீங்க, மாட்டினா உங்க வேலையும் கடையோட லைசென்ஸும் சேர்ந்து போகும்.