வேர்க்கடலை சாஸில் தாய்லாந்து நூடுல்ஸ்: கட்டிதட்டாமல் செய்வது எப்படி?

தாய்லாந்தில் இந்த சாஸ் சாத்தேக்கு, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சிக்கு, தொட்டுக்கொள்வது. பட் தாய் நூடுல்ஸிலோ கடலையைப் பொடித்துத் தூவுவதோடு சரி. சாத்தே சாஸைக் கொஞ்சம் நீர்க்க வைத்து அரிசி நூடுல்ஸில் புரட்டுவதுதான் இந்தச் செய்முறை.

இரண்டு பேருக்கு: 5 மி.மீ. அகலமுள்ள பட்டை அரிசி நூடுல்ஸ் 150 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 80 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி. மேசைக்கரண்டி அளவில் ரெட் கறி பேஸ்ட் (தாய்லாந்து சிவப்பு மிளகாய் மசாலா விழுது) 1, கெட்டிப் புளிக்கரைசல் ஒன்றரை, வெல்லத்தூள் ஒன்றரை, ஃபிஷ் சாஸ் 1. சைவத்துக்கு சோயா சாஸ் போதும்; ஆனால் கறி பேஸ்ட் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இறால் விழுது இருக்கும்.

முதலில் நூடுல்ஸ். கொதிநீரில் போட்டால் மேல்மாவு வெந்து பசையாகும், நடுவில் வேகாது. பச்சைத் தண்ணீரில் 30 முதல் 40 நிமிடம் ஊறட்டும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். கடித்தால் நடுவில் விறைப்பு தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு வாணலியில்.

கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்துக்குப் பொடியுங்கள். ஒரே மூச்சில் ஓடவிட்டால் எண்ணெய் கக்கி உருண்டையாகும்.

தேங்காய்ப்பாலில் கால்பங்கை மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போது கறி பேஸ்ட்டைப் போட்டு 2 நிமிடம் வதக்குங்கள். சில பாக்கெட் பால் பிரியவே பிரியாது. காத்திருக்காமல் 1 தேக்கரண்டி எண்ணெய் விட்டு வதக்கிக்கொள்ளலாம். பிறகு மீதிப் பால், கடலை, புளி, வெல்லம், ஃபிஷ் சாஸ். சிறுதீயில் 5 நிமிடம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். தோசை மாவை விட நீர்க்க இருக்கும்போதே இறக்குங்கள். ஆற ஆற இறுகும். எண்ணெய் தனியே மிதந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். 2 மேசைக்கரண்டி சுடுநீர் விட்டு அடித்துக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

அகன்ற வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, 3 பல் பூண்டை நசுக்கிப் போடுங்கள். நூடுல்ஸைச் சேர்த்து 4 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து 2 நிமிடம் புரட்டுங்கள். தண்ணீர் வற்றியும் விறைப்பு போகவில்லையா? இன்னும் 2 மேசைக்கரண்டி தெளியுங்கள். சாஸ் சேர்ந்துவிட்டால் நூடுல்ஸ் அதற்கு மேல் சரியாக வேகாது. முக்கால்வாசி சாஸை விட்டுப் புரட்டியதும் அடுப்பை அணையுங்கள். பயறு முளை, வெங்காயத்தாள், எலுமிச்சைச் சாறு மேலே. மிச்ச சாஸைத் தட்டில் ஊற்றிக்கொள்ளலாம்.