பேக்பேக்கா, சூட்கேஸா? எத்தனை முறை தூக்குவீர்கள் என்று எண்ணுங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பை தைப்பது, ஜிப் மாற்றுவது, டிராலிக்குச் சக்கரம் போடுவது என் தொழில். நீண்ட பயணம் கிளம்புகிறவர்கள் கடைக்கு வந்து, "அண்ணா, ஆறு மாசம் போறேன், பேக்பேக் வாங்கட்டுமா, டிராலி வாங்கட்டுமா?" என்று கேட்பார்கள். மாதக் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை இடம் மாறுவீர்கள், ஒவ்வொரு தடவையும் பையைக் கையில் தூக்கிக்கொண்டு எவ்வளவு படி ஏறி இறங்குவீர்கள் என்று சொல்லுங்கள். பையை அதற்குத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோருக்குச் சூட்கேஸ்தான் சரி. வீட்டு வாசலில் கார், விமான நிலையத்தில் தள்ளுவண்டி, அங்கே இறங்கினால் மருமகன் கார். ராகி மாவு, புளி, கொள்ளு என்று கனமான சாமான் நிறைய போகும். அதையெல்லாம் முதுகில் சுமக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஒன்றரை மாதமே என்றாலும் மூன்று நாளைக்கு ஓர் ஊர் என்று ஹம்பி, கோகர்ணா, காசி எனச் சுற்றுகிற பையனுக்கு பேக்பேக்தான். காசியில் கங்கைக்கரை ஒட்டிய சந்துகளுக்குள் ஆட்டோ வராது. படித்துறையில் சக்கரத்துக்கு வேலையே கிடையாது. கோகர்ணா மணலில் சக்கரத்தை இழுத்தால், அச்சுக்குள் மணல் புகுந்து உருளுவது நின்றுவிடும்.

நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். எனவே எந்தப் பயணமும் பெரும்பாலும் பஸ்ஸில்தான் தொடங்கும். பஸ்ஸில் தலைக்கு மேலே உள்ள தட்டில் பெரிய சூட்கேஸ் ஏறாது. நடைபாதையில் நிற்க வைத்தால் நான்கு சக்கர டிராலி பிரேக் போடும்போதெல்லாம் ஓடும். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட டிராலியைப் படுக்க வைத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொண்டுபோக நினைக்கும் எல்லாவற்றையும் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பையில் அடைத்து எடை போடுங்கள். முதுகில் சுமப்பதாக இருந்தால் உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 கிலோ. பிறகு அதைச் சுமந்துகொண்டு ரவுண்டானாவிலிருந்து கொஞ்ச தூரம் நடங்கள், சையத் பாஷா மலைப் படிகளில் கொஞ்சம் ஏறிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தோள் வலித்தால் சாமானைக் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் சக்கரப் பை வாங்குங்கள். முதுகுவலி, முழங்கால் வலி உள்ளவர்கள் அடிக்கடி இடம் மாறினாலும் பேக்பேக் பக்கம் போக வேண்டாம். சிறிய டிராலியும் குறைந்த சாமானும் போதும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு எடை முக்கியம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் இருக்கைக்குக் கூடவே எடுத்துப்போகும் கைப்பைக்கு 7 கிலோ, கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பைக்கு 15 கிலோ. வெற்று சூட்கேஸே மூன்றரை, நான்கு கிலோ இருந்தால் அந்தப் 15-இல் கால்வாசி பெட்டிக்கே போய்விடும். கைப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 40 லிட்டர் பேக்பேக் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். பவர் பேங்கை எப்போதும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ரயிலில் இவ்வளவு கெடுபிடி இல்லை, ஸ்லீப்பரில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம்.

இனி கடையில் எதைப் பார்ப்பது. நான் முதலில் ஜிப்பைத்தான் பார்ப்பேன். பழுது பார்க்க வரும் பைகளில் துணி கிழிந்து வருவதைவிட ஜிப் போய் வருவதுதான் அதிகம். ரன்னரை, அதாவது ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் துண்டை, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் 5, 8, 10 என்று எண் இருக்கும். மூடிய பல்வரிசை ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதுதான் அது. பெரிய பையின் முக்கிய ஜிப் 8 அல்லது 10 ஆக இருக்கட்டும். 5 என்பது வெளிப் பாக்கெட்டுக்குப் போதும். சுருள் போல ஓடும் நைலான் ஜிப் பயணத்துக்கு நல்லது. நடுவில் பிரிந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். தனித்தனிப் பல் உள்ள ஜிப்பில் ஒரு பல் விழுந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். ஆனால் நைலான் ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் குத்திப் பிரித்து, ரன்னரை ஓட்டி மறுபடி மூடிவிடவும் முடியும். பூட்டு போட்டிருந்தாலும் அப்படித்தான். நகை, பணம், பாஸ்போர்ட்டைப் பூட்டை நம்பி உள்ளே வைக்காதீர்கள்.

சூட்கேஸில் அடுத்தது சக்கரம். கவிழ்த்துப் பாருங்கள். சக்கரம் திருகாணியில் நிற்கிறதா, ரிவிட் அடித்திருக்கிறதா? திருகாணி என்றால் எந்த ஊரிலும் மாற்றலாம். நான்கு சக்கரம் விமான நிலையத் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடும், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இடிபட்டு உடையும். பாதி உள்ளே புதைந்த இரண்டு பெரிய சக்கரம்தான் நம் சாலைகளுக்குத் தாங்கும். இழுக்கும் கைப்பிடிக் கம்பியை முழுவதும் நீட்டி அசைத்துப் பாருங்கள். கம்பி வளைந்துவிட்டால் அதே அளவுக் கம்பி கிடைப்பது கஷ்டம். கெட்டிப் பெட்டிகளில் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் செய்தது விலை குறைவு, அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வளைந்து நிமிரும், விலை கூட. எது என்றாலும் பல வருடம் பரணில் கிடந்த பெட்டியை நம்பிக் கிளம்பாதீர்கள். சக்கரத்து ரப்பர் சும்மா கிடந்தே பொடியாக உதிரும். பழைய பேக்பேக்கின் உள்பூச்சும் அப்படித்தான், ஈரம் பட்டுப் பட்டுப் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

பேக்பேக் வாங்குவதற்கு முதலில் உடம்பை அளக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு வரை டேப்பால் அளந்தால் முதுகு நீளம் கிடைக்கும். இந்த நீளத்துக்குப் பொருந்தாத பை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வலிக்கும். இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேலே ஏறாமல் இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். பாரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இறங்க வேண்டும், தோள் பட்டை பையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பெண்கள் தோள் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். பல பைகள் ஆண்களின் தோளை நினைத்தே தைக்கப்படுகின்றன.

தோள் பட்டை பையோடு சேரும் இடத்தில் தையலைப் பாருங்கள். ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போல ஓடியிருந்தால் நல்ல தையல். ஒரே ஒரு நேர்கோடாக இருந்தால் கொடுத்துத் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள், எந்தத் தையல் கடையிலும் செய்வார்கள். மேலே மட்டும் திறக்கும் பை மலையேறுபவர்களுக்கு. ஊர் சுற்றுகிறவர்களுக்கு சூட்கேஸ் போல முழுவதும் விரிகிற பைதான் வசதி. அடியில் கிடக்கும் ஒரு சட்டைக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியதில்லை. மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் உள்ளேயும் ஒரு கனமான பிளாஸ்டிக் உறை போட்டு அதற்குள் துணி வையுங்கள்.

சக்கரமும் தோள்பட்டையும் சேர்ந்த பை நிறையப் பேருக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. சக்கரமும் கம்பியும் சேர்ந்து எடை கூடுகிறது, கம்பி முதுகில் குத்துகிறது. சுமப்பது எப்போதாவது மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம்.

அப்புறம், எந்தப் பை வாங்கினாலும் பெரிய ஊசி ஒன்று, ஜீன்ஸ் தைக்கும் நூல், ஒரு துண்டு மெழுகுவத்தி, உதிரி ரன்னர் இரண்டு எடுத்துப்போங்கள். ஜிப் இறுகினால் பல்லில் மெழுகைத் தேயுங்கள். ரன்னர் வாங்கும்போது பையில் உள்ளதன் எண்ணைப் பார்த்து அதே எண்ணில், அதே வகை ஜிப்புக்கானதாகக் கேட்டு வாங்குங்கள். 8-ஆம் எண் ரன்னர் 10-ஆம் எண் ஜிப்பில் ஓடாது.