முதலில் உதிர்வது புள்ளிதான்: ஸ்டிக்கர் ஒட்டும் முன் கண்ணாடியில் செய்யும் தவறுகள்

ஒரு பேக்கரியின் முன்கண்ணாடியில் ‘ஸ்வீட்ஸ்’ என்று கட்டிங் ஸ்டிக்கர் (வினைல் ஷீட்டில் எழுத்தெழுத்தாக வெட்டியது) ஒட்டிவிட்டு வந்தேன். நான்காம் நாள் போன். “தம்பி, உங்க எழுத்துல புள்ளி ஒண்ணொண்ணா காணாமப் போகுது.” போய்ப் பார்த்தால் ‘ஸவீடஸ’ என்று நிற்கிறது. மூன்று புள்ளியும் போயாச்சு. ஒன்று மட்டும் கீழே அலுமினிய ஃபிரேம் ஓரத்தில் கிடந்தது. எடுத்து கம் பக்கத்தைத் தொட்டேன். விரலில் ஒட்டவில்லை, வழுக்கியது.

இத்தனைக்கும் அந்தக் கண்ணாடி அழுக்காக இருக்கவில்லை. நான் போவதற்கு முன்பே கடைக்காரர் நீல நிற ஸ்பிரேயை அடித்து, செய்தித்தாளால் தேய்த்து, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குப் பளபளவென்று வைத்திருந்தார். நானும் அதை நம்பி, பேருக்கு ஒரு துணியை ஓட்டிவிட்டு ஒட்டிவிட்டேன். தப்பு அவர் மேல் இல்லை.

கண்ணுக்குச் சுத்தம் வேறு, கம்முக்குச் சுத்தம் வேறு. வினைலின் பின்னால் இருக்கும் கம், கண்ணாடியை நேராகத் தொட்டால்தான் பிடிக்கும். நடுவில் எண்ணெயோ மெழுகோ சோப்போ மெல்லிய படலமாக இருந்தால், அது கண்ணாடியை விட்டுவிட்டு அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய எழுத்துக்கு அகலம் இருக்கிறது, எப்படியோ சமாளித்துவிடும். மாட்டிக்கொள்வது புள்ளியும், கொம்பின் நுனியும், ‘ழ’வின் வாலும்தான். எனக்கு உதிர்ந்து வந்த வேலைகளை யோசித்துப் பார்த்தால், அழுக்கை எடுக்காமல் விட்டதால் போனவை குறைவு. துடைக்கிறேன் என்று எதையோ பூசிவிட்டு வந்ததால் போனவைதான் அதிகம்.

பாட்டிலில் இருப்பது என்ன?

வீட்டு ஜன்னலுக்கு விற்கும் கிளீனர்கள் கண்ணாடி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுபவை. அதற்காகச் சேர்க்கும் பொருட்களில் சில துடைத்த பிறகும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஜன்னலுக்கு அதனால் நஷ்டமில்லை, ஸ்டிக்கருக்கு உண்டு. கார் ஷாம்பு, டேஷ்போர்டு பாலிஷ் பக்கமே போகாதீர்கள். அவற்றில் மெழுகும் சிலிக்கானும் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன, தண்ணீர் ஒட்டாமல் ஓட வேண்டும் என்பதற்காக. தண்ணீர் ஒட்டாத இடத்தில் கம் மட்டும் ஒட்டுமா?

கொரோனாவுக்குப் பிறகு புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது. மிச்சம் கிடக்கும் சானிடைசரை எடுத்துத் துடைப்பது. “அதுவும் ஆல்கஹால்தானே அண்ணே” என்று என்னிடம் வேலை பார்க்கும் பையனே கேட்டான். ஆல்கஹால்தான். ஆனால் கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் கண்ணாடியில் உட்கார்ந்துவிடும். ஜெல் வகையில் அது போதாதென்று கெட்டியாக்கும் பொருளும் சேரும்.

தின்னரையும் மண்ணெண்ணெயையும் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஸ்டிக்கரின் கம் கறையை எடுக்க மண்ணெண்ணெய் நல்ல ஆள்தான். ஆனால் அது போகும்போது தன் எண்ணெயை விட்டுவிட்டுப் போகும். அதன்பின் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் ஒட்டக்கூடாது. மலிவான தின்னரில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. கண்ணாடி ஓரத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்கையும் ஃபிரேமின் பவுடர் கோட்டிங்கையும் அது கெடுக்கும். கண்ணாடி என்று நினைத்து அக்ரிலிக் மேல் ஊற்றிவிட்டால் அந்த ஷீட்டுக்கு நீங்கள்தான் பில் கட்ட வேண்டும்.

நான் கடைசித் துடைப்புக்கு வைத்திருப்பது ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 2 பங்கு ஐபிஏ, 1 பங்கு தண்ணீர். தண்ணீர் கலக்காமல் அடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். கலக்காதது துடைக்கும் முன்பே பறந்துவிடும், கரைத்த அழுக்கை அதே இடத்தில் இறக்கி வைத்துவிட்டு. வியர்வை உப்பு மாதிரி தண்ணீரில் மட்டும் கரைகிறவையும் அப்படியே நின்றுவிடும். பூஜை நேரம் பார்த்து இதைத் திறக்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும். நான் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்து நின்றிருக்கிறார்.

இரண்டு துணி

ஐபிஏ அடித்துத் தானாகக் காயவிடுவது துடைத்ததாகாது. ஒரு துணியில் நனைத்துத் தேயுங்கள். ஈரம் இருக்கும்போதே இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரு சமயத்தில் இரண்டுக்கு இரண்டு அடி போதும். மேலிருந்து கீழே, துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கம் காட்டி. ஒரே பக்கத்தால் முழுக் கண்ணாடியையும் துடைத்தால், முதல் அடியில் எடுத்த எண்ணெயைக் கடைசி அடிவரை பரப்பிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

எந்தத் துணி என்பதிலும் விஷயம் இருக்கிறது. பட்டறைகளில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் முதல் கட்ட வேலைக்குச் சரி, கடைசிக்கு ஆகாது. நூல் விடும். கண்ணாடியை மங்கலாக்க ஒட்டும் ஃபிராஸ்டட் பிலிமுக்கு அடியில் ஒரு நூல் மாட்டினால், வெளிச்சம் பட்டதும் தழும்பு மாதிரி தெரியும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வீட்டில் கண்டிஷனர் போட்டுத் துவைத்த துணியில் அந்த வழவழப்பு இருக்கும். செய்தித்தாள் பளபளப்பு தருவது உண்மை, அச்சு மை எண்ணெயில் கரைத்தது என்பதும் உண்மை. எல்லாவற்றையும் விட மோசம், தோளில் கிடக்கும் துண்டு. காலையிலிருந்து கழுத்து வியர்வையும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் அதில்தான் இருக்கிறது.

பிளேடு

அவசரத்தில் செய்தால் பணம் போகிற இடம் இது. ஸ்டிக்கர் உதிர்ந்தால் மறுபடி வெட்டலாம், கண்ணாடியில் கீறல் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காய்ந்த கண்ணாடியில் பிளேடு போடக்கூடாது. சோப்புத் தண்ணீர் நன்றாக அடித்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்து, முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். தள்ளி முடித்ததும் தூக்கி எடுத்து, மறுபடி மேலே வைத்துத் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால், பிளேடுக்கு அடியில் மாட்டிய ஒரு மணல் துகள் போதும், மயிரிழைக் கோடாக விழும். அது அப்போது தெரியாது. மாலை வெயில் சாய்வாக அடிக்கும்போது கடைக்காரர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

டஃபன்ட் கண்ணாடியில், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியில், இன்னும் கவனம் வேண்டும். மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். சூளையில் போட்டு எடுக்கும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் ஒரு பக்கத்தில் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். பிளேடு ஓடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்தத் துகளைப் பெயர்த்து கண்ணாடி முழுவதும் இழுத்துக்கொண்டு போவது பிளேடுதான். ரிஃப்ளெக்டிவ் கோட்டிங் உள்ள பக்கத்திலும், சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டிய உள்பக்கத்திலும், அக்ரிலிக்கிலும் பிளேடு கூடவே கூடாது. அங்கே ஊறவைப்பதும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும்தான் வழி. பழைய ஸ்டிக்கரை உரிக்க ஹீட் கன் பிடித்தால் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் விரிசல் விடும்.

பொட்டு, போஸ்டர், போர் தண்ணீர்

நம் ஊர்க் கடைக் கண்ணாடியில் இருக்கும் அழுக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும், இரவோடு இரவாக யாரோ மைதாப் பசையில் ஒட்டிப்போன போஸ்டர், ஆஃபர் பேப்பரைப் பிடித்திருந்த செல்லோ டேப், சாம்பிராணிப் புகை. வடைச்சட்டி பக்கத்தில் இருந்தால் எண்ணெய் ஆவி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மைதாப் பசைக்கு வெறும் தண்ணீர் ஊறவைத்தால் போதும், ஐபிஏ அடித்தால் வேலை இழுக்கும். டேப் கம்முக்குத் தண்ணீர் பயன்படாது, அங்கேதான் ஐபிஏவோ மண்ணெண்ணெயோ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பு. சாமிப் பொட்டை மட்டும் நான் தொடுவதில்லை. கடைக்காரரிடம் சொல்லி அவர் கையாலேயே ஈரத்துணியால் எடுக்க வைத்துவிடுவேன். பிறகு எங்கே, எந்த அளவில் வைக்கப் போகிறார் என்றும் கேட்டுவிடுவேன். எழுத்தின் மேல் சந்தனம் வைத்துவிட்டு, காய்ந்ததும் நகத்தால் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போர் தண்ணீர் தெறித்து வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்பை சோப்பும் எடுக்காது, ஆல்கஹாலும் எடுக்காது. வினிகரோ எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரோ தடவி ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கீழே மார்பிள் படி இருந்தால் அதன்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது மார்பிளை அரிக்கும். கடைசிக் கழுவலுக்கு அதே போர் தண்ணீரை ஊற்றினால் செய்த வேலை வீண். பத்து ரூபாய் கணக்குப் பார்க்காமல் கேன் தண்ணீர் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வினைலை ஈரத்தில் ஒட்டுவதற்கும் அதேதான். அந்தத் தண்ணீரில் ஷாம்பு ஒரு லிட்டருக்குச் சில சொட்டு போதும். நுரை பொங்கப் பொங்கக் கலக்கினால் கம் பிடிக்காது. கண்டிஷனர் சேர்ந்த ஷாம்பு வேண்டவே வேண்டாம்.

நேரமும் ஒரு விஷயம்தான். மேற்குப் பார்த்த கடையில் சித்திரை வெயிலில் மூன்று மணிக்குப் போய் நின்றால், அடித்தது துடைக்கும் முன் காய்ந்து கோடு கோடாகிவிடும். சூட்டைக் குறைக்கலாம் என்று குளிர்ந்த தண்ணீரை வீசி ஊற்றினால் கண்ணாடியே தெறிக்கலாம். காலையில் போங்கள். ஆனால் ஏசி ஓடும் இடமா என்று முதலில் பாருங்கள். விடியற்காலையில் ஏடிஎம் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பூத்ததுபோல் வியர்த்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். ஏசியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவதுதான் வைத்தியம்.

ஓரம்

நடுவில் எல்லோரும் நன்றாகத் துடைக்கிறார்கள். கோளாறு பீடிங் ஓரத்தில்தான். ரப்பர் பீடிங்கின் இடுக்கில் வருடக்கணக்கான தூசி இருக்கும். முழுக் கண்ணாடிக்கு ஃபிராஸ்டட் ஒட்டி ஸ்குவீஜியால் (தண்ணீரை வழித்துத் தள்ளும் தட்டைப் பட்டை) தண்ணீரைத் தள்ளும்போது, அந்தத் தண்ணீர் இடுக்கில் நுழைந்து தூசியோடு திரும்பி வரும். அதனால் ஸ்குவீஜி முனையில் துணியைச் சுற்றி நாலு ஓரத்தையும் முதலிலேயே இழுத்துவிட வேண்டும். புதிதாகப் போட்ட கண்ணாடி என்றால் சிலிக்கான் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடி வேலைக்காரர் விரலால் இழுத்துவிட்ட சிலிக்கான், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம்வரை படலமாகப் பரவியிருக்கும். அதை ஐபிஏ மட்டும் எடுத்துவிடாது, முதலில் பிளேடால் சுரண்ட வேண்டும்.

பிரஷ் வேலைக்கு

எனாமலில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் கறார். ஸ்டிக்கருக்குக் கம்மாவது இருக்கிறது. சுவரில் என்றால் பெயிண்ட் உள்ளே இறங்கிப் பிடிக்கும், கண்ணாடியில் மேலேயே நிற்க வேண்டியதுதான். எண்ணெய்ப் பசை இருந்தால் எழுதும்போதே தெரிந்துவிடும். இழுத்த கோடு நடுவில் விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகத் திறந்துகொள்ளும். அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மறைப்பது வீண். முழுக்க வழித்துவிட்டு மறுபடி துடைக்க வேண்டும். பிரஷ் கழுவும் டர்பன்டைனிலேயே கண்ணாடியையும் துடைப்பது பல பேர் கைப்பழக்கம். அதுவும் படலம் விடும்.

பழைய கை ஓவியர்கள் வெள்ளைச் சுண்ணப் பொடியைத் தண்ணீரில் குழைத்து கண்ணாடி முழுக்கப் பூசி, காயவிட்டு, துணியால் துடைத்து எடுப்பார்கள். பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியில் தங்கத் தகடு ஒட்டுகிறவர்களிடம் இந்த முறை இன்றும் இருக்கிறது.

தண்ணீர்ச் சோதனை

கடைசியாக, சுத்தமான தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்துப் பாருங்கள். விரிப்புபோல ஒரே சீராகப் பரவினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனை ஒரு இடத்தில் ஏமாற்றும். சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் அழகாகப் பரவும். அதனால் நல்ல தண்ணீரில் அலசியபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் மறுபடி ஒரு ஐபிஏ துடைப்பு.

அப்புறம் கையை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, “இங்கேருந்து இங்கே வரைக்கும் வருமா?” என்று உள்ளங்கையை வைத்து அளவு காட்டுவதை நானே செய்திருக்கிறேன். கை பட்ட இடத்தில் எண்ணெய் பட்டாயிற்று. அளவுக் கோடுகளைக் கண்ணாடியின் மறுபக்கத்தில் போடுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், வாசல் பெருக்குகிறவரைப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு வருகிறேன், இப்போதெல்லாம். கம் முழுசாகப் பிடிக்க ஓரிரண்டு நாள் ஆகும். மூன்று நாளைக்குக் கண்ணாடியில் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னால் மட்டும் போதாது, கடை திறந்து கழுவிவிடும் அக்காவிடமும் சொல்ல வேண்டும்.