தேன்சிட்டு முற்றத்தில் கூடு கட்ட, பூ மட்டும் போதாது

தேன்சிட்டு வரட்டும் என்று செம்பருத்தி நட்டுவிட்டு, வாரம் தவறாமல் ஒட்டடையும் அடித்தால் கூடு அமையாது. நார், சருகு, பட்டைத் தூள் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிப்பது சிலந்தி நூல்தான். வீட்டுக்குள் அடியுங்கள், திண்ணைக் கூரையடியையும் வேலியையும் விட்டுவையுங்கள்.

குமரி மாவட்டத்து வீட்டு விளைகளில், அதாவது தோட்டங்களில், அதிகம் காண்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. ஆணுக்கு மஞ்சள் வயிறு, மார்பில் செம்பழுப்புப் பட்டை. பெண்ணுக்குத் தொண்டை வெளிர்சாம்பல், மார்பு மஞ்சள். உடல் முழுக்கக் கருநீலமாக மின்னினால் அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். அதே கருமையோடு அலகு மட்டும் அரிவாள்போல் நீண்டு வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைக்காட்டுப் பக்கம் முதுகு சிவந்த குட்டித் தேன்சிட்டையும் தேடிப் பாருங்கள்.

இவை பெரும்பாலும் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். ஆகவே காற்றில் துவளாத கொம்புள்ள செடி வேண்டும். செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை மூன்றும் இருந்தால் நல்ல தொடக்கம். செம்பருத்தியின் அடியில் துளையிட்டுத் தேன் உறிஞ்சுவது வழக்கம். பூச்சி அரித்ததென்று மருந்தடித்துவிடாதீர்கள். மாமரத்துப் புல்லுருவியை முழுக்க வெட்டாமல் ஒரு கொத்து விடலாம். அதன் குழல் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதே தேன்சிட்டுதான்.

குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. சிலந்தியும் சிறு பூச்சியும் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் பூ நிறைந்திருந்தாலும் குஞ்சு பட்டினி கிடக்கும். சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட வேண்டாம். நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். அதைவிட, காலையில் வாழை இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். இலையில் தேங்கிய துளிகளில் புரண்டு குளிக்கும்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பை போன்ற கூடு கொம்பு நுனியிலோ கொடிக்கயிற்றிலோ தொங்கும். பக்கவாட்டில் வாசல், அதன்மேல் சிறு இறவாணம். கட்டுவது பெண். மிகக் கவனமாக இருக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான்: முட்டையிடும் முன் தொந்தரவு செய்தால் விட்டுவிட்டுப் போய்விடும். ஐந்தாறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். கொடிக்கயிற்றில் கட்டியிருந்தால் துணியை வேறிடத்தில் உலர்த்துங்கள். படம் எடுப்பதற்காகச் சுற்றியுள்ள இலையை ஒடிக்கக் கூடாது. மறைவு போனால் காக்கையும் செம்போத்தும் கண்டுபிடித்துவிடும், வெயிலும் நேரே இறங்கும்.

இந்த நாட்களில் தேன்சிட்டு பைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று கொத்திக் களைத்துப்போகும். வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள்.

வழக்கமாக இரண்டு முட்டை. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். கூடு காலியானதும் அறுத்தெடுக்க வேண்டாம். அதே கூட்டில் மறுபடியும் முட்டையிடுவதுண்டு.